சாட்சியைக் குடித்தவன்

இலைக்குப் பச்சை பூசிய கடவுளுக்கு அடுத்தபடியாக, உலகத்தில் பச்சை பூசத் தெரிந்தவன் தான் மட்டுமே என்று சக்கரவர்த்தி அறிவித்தான். கடவுளுக்கு முதலிடம் கொடுத்தது அவனுடைய அடக்கம்.

நாள் முழுக்கச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து மண்பாண்டம் வனைகிறவன் என்பதால் தங்கை வைத்த பட்டப்பெயர் அது. அவள் கிண்டலாகத்தான் வைத்தாள். அவன் பட்டாபிஷேகமாக எடுத்துக்கொண்டான்.

அவனுடைய கோப்பைகள் இதுவரை அலமாரியில் நின்று அழகு காட்டியதோடு சரி, யாருடைய உதடும் பட்டதில்லை. இப்போதுதான் தெருமுனை ஜூஸ் கடைக்காரர், இனிமேல் அவன் கோப்பையிலேயே ஊற்றிக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நாளை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். சக்கரவர்த்திக்குக் கால் தரையில் பாவவில்லை.

தங்கை தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள்; சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவள். ஒரு பச்சைக் கோப்பையை எடுத்து, முக்கால் அளவுக்கு வினிகர் ஊற்றி, தட்டால் மூடிச் சமையல் மேடையில் வைத்தாள்.

"என்னடி, என் கோப்பையை ஊறுகாய் போடுறியா?"

"உன் கிளேஸ்ல, அதான் இந்தப் பச்சைப் பூச்சுல இருக்கிற தாமிரம் புளிப்புல கரைஞ்சு வருதான்னு பார்க்கிறேண்ணா. வந்தா, ஜூஸ் குடிக்கிறவங்க வயித்துக்குத்தானே போகும்? நாளைக்குத் தெரிஞ்சிடும்."

"சூளையில உருகி, கண்ணாடியா உட்கார்ந்திருக்கு. அதுல இருந்து எது கிளம்பி வரும்? என் பச்சைக்கே பரீட்சையா! அப்படியே காய்ச்சல் அடிக்குதான்னும் தொட்டுப் பாரு."

மறுநாள் ஜூஸ் கடைக்காரர் வந்தார். அலமாரிக் கோப்பை ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பச்சை கண்ணைப் பறிக்குது தம்பி. ஆனா குடிக்கலாம்ல?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் போல நிமிர்ந்த சக்கரவர்த்தி, சமையலறைக்குள் பாய்ந்தான். மேடையில் தயாராக ஒரு கோப்பையில் தண்ணீர் இருந்தது. அதன்மேல் இருந்த தட்டைக் காலையில் பழம் நறுக்க எடுத்துக்கொண்டு போனவன் அவனேதான், மறந்துவிட்டான். கோப்பையோடு கடைக்காரர் முன்னால் வந்து நின்றான்.

"பாருங்க சார், நானே குடிக்கிறேன்!"

முதல் மடக்கு உள்ளே போனது. இரண்டாவது மடக்கு வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் திரும்பி வந்தது. மிச்சம் தரையைக் கழுவியது. சக்கரவர்த்தியின் முகம் பிழிந்து போட்ட எலுமிச்சை மூடியாகச் சுருங்கியது.

ஓடி வந்த தங்கை தலையில் கை வைத்தாள். "அய்யோ, சாட்சியையே குடிச்சிட்டியேண்ணா!"

"எனக்கு... ஒண்ணும் ஆகாதே?"

"நேத்து எதுவும் கிளம்பி வராதுன்னு சொன்னியே? பயப்படாத, ஒரு வாய்தானே. தண்ணி குடி."

கீழே உருண்ட கோப்பையை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தவர் ஜூஸ் கடைக்காரர்தான். "இதென்ன, நடுவுல ஒரு கோடு?"

மூன்று தலைகளும் கோப்பைக்கு மேலே முட்டிக்கொண்டன. வினிகர் நின்ற மட்டத்துக்கு மேலே பச்சை பளபளத்தது. கீழே, தேய்த்து வெளுத்த துணி மாதிரி மங்கிக் கிடந்தது.

"மாட்டிக்கிச்சு!" தங்கை கோல் அடித்தவள் போலக் குதித்தாள். "அண்ணா, உண்மையைச் சொல்லு, தாமிரத் தூளை எவ்வளவு போட்ட?"

"கொஞ்சம்... தூக்கலாத்தான். பச்சை எடுப்பா இருக்கட்டுமேன்னு."

"என் கடையில முக்காவாசி எலுமிச்சை ஜூஸ்தான் தம்பி" என்றபடி கடைக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். வாசலை நோக்கி நகர்ந்தார்.

சக்கரவர்த்தி அந்தக் கோட்டையே வெறித்தான். திடீரென்று துள்ளினான். "சார், நில்லுங்க! பச்சை வெளியில மட்டும். உள்ள வெறும் வெள்ளை. வெள்ளையில தாமிரமே கிடையாது!"

கடைக்காரரின் கால் நின்றது. "உள்ள வெள்ளைன்னா ஜூஸோட நிறமும் எடுப்பாத் தெரியுமே! முதல்ல பண்ணு, உன் தங்கச்சி சரின்னு சொல்லட்டும், எடுத்துக்கிறேன்."

புதுக் கோப்பைகள் சூளையிலிருந்து இறங்கி ஆறிய மத்தியானம், தங்கை இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. சக்கரவர்த்தி தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான். ஒரு கோப்பையில் முக்கால் அளவுக்கு வினிகர் ஊற்றினான். தட்டால் மூடினான். தட்டின்மேல் 'குடிக்காதே' என்று தன் கையாலேயே தனக்கு ஒரு சீட்டு எழுதி ஒட்டினான்.

பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, கோப்பையின் வயிற்றில் புறங்கையை மெல்ல வைத்துக் காய்ச்சல் பார்த்தான்.