போக மூன்று நிமிடம்

கப்பலின் கரிக்கிடங்குக்குள் இறங்கும் வட்டமான இரும்பு மூடி திறந்திருக்கிறது, விளிம்பில் ஒரு கையை ஊன்றி, கால்கள் ஏணியில் இருக்க, தலை மட்டும் மேல்தளத்துக்கு வெளியே தெரிய இஞ்ஞாசி அண்ணன் என்னை நிமிர்ந்து பார்க்கிறார், மீட்டர் விட்டுப் பாத்தாச்சா தம்பி என்கிறார், காலை வெயில் அவர் தொப்பியில் அடிக்கிறது, கனவில் எப்போதும் இந்த இடத்தில்தான் நிற்கிறேன், நான் பதில் சொல்லாத வரை அவர் இறங்கமாட்டார். ஆட்கள் முன்னால் என்னை சார் என்பார், தனியே என்றால் தம்பி, நான் கப்பலின் முதன்மை அதிகாரி, அவர் தளத்து ஆட்களுக்குத் தலைவர், இருவருக்கும் தூத்துக்குடி. போர்னியோவில் எழுபதாயிரம் டன் நிலக்கரியை ஏழு கிடங்குகளில் கொட்டிக்கொண்டு சொந்த ஊருக்கே வருகிறோம், போன பயணம் கோதுமை, அதற்கு முன் இரும்புத் தாது, உலகமே நம்ம வயித்துலதான் ஏறி எறங்குது தம்பி, நம்ம வீட்டு ஃபேன்கூட இந்தக் கரியிலதான் சுத்துது என்று முந்தின நாள்தான் சிரித்தார்.

அடைந்து கிடக்கிற கரி காற்றிலுள்ள பிராணவாயுவைத் தானே தின்றுவிடும், அதனால் ஆள் இறங்குமுன் மீட்டரின் குழாயை உள்ளே விட்டு மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடங்களில் அளந்து படிவத்தில் எழுதவேண்டும், பரீட்சை எழுதித் தேறிய எனக்கு இது தெரியாதா, தெரியும், மீட்டர் பின்கோடியில் என் அறையில் இருந்தது, நாங்கள் நின்றது முன்கோடியில், போக மூன்று நிமிடம், வர மூன்று நிமிடம், சோம்பல், வேறொரு மண்ணும் இல்லை, நேற்றைய எண்ணையே மூன்று கட்டத்திலும் எழுதினேன், பாத்தாச்சுண்ணே, எறங்குங்க, அடியில தண்ணி கசியுதான்னு மட்டும் பாத்துட்டு வாங்க. முதலில் டார்ச் விழுந்த சத்தம், பிறகு அவர்.

மீட்டரில் அன்று அளந்த பதிவே இல்லை என்று கண்ட கேப்டன் படிவத்துக்காகக் கையை நீட்டினார், நான் கொடுத்தேன், பொய் எண் வெளியே வராமல் அதைக் கிழித்தது அவர், கொடுத்தது நான், அனுமதி கேட்காமல் அண்ணன் தானாகவே இறங்கிவிட்டார் என்று விசாரணையில் சொன்னதும் இதே வாய்தான், செத்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டு அவருடைய சவப்பெட்டிக்குத் தோளும் கொடுத்தேன், எனக்கே கூசுகிறது. குடிச்சிட்டு எறங்குனாராம் என்று ஊரில் பேசினார்கள், பண்டிகைக்குக்கூடத் தொடாத மனிதரை, அதையும் கேட்டுக்கொண்டு சும்மா நின்றேன்.

நான்கு வருடம் அண்ணன் வீட்டுத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனவன் இன்று எப்படி வந்தேன் என்று தெரியவில்லை, அண்ணனின் மனைவி ரோஸ்லின் மைனி கதவைத் திறந்து, நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பார்க்கிறார், நான் கீழே தெருவில், அவர் மேலே படியில், உள்ளே சுவரில் அண்ணனின் படம். உள்ள வாங்க தம்பி என்கிறார், நான் அசையவில்லை, என் முகத்தைப் பார்த்தவர் குரல் தாழ்ந்து, அவுக கேக்காம எறங்குற ஆளில்லயே, ஒங்ககிட்ட கேட்டிருப்பாகளே, நீங்க என்ன சொன்னீக என்கிறார், இந்தமுறை கனவில்லை, பாத்தாச்சுன்னு சொன்னேன் மைனி, பாக்கல என்கிறேன், நிலையைப் பிடித்திருந்த கை மெல்ல நழுவி இறங்குகிறது, கதவு திறந்தே இருக்கிறது, மறுபடி உள்ள வாங்க என்று அவர் சொல்லவில்லை.