ஏழாம் அறைக்குப் பூட்டு

பரீனாவுக்கு இது நாலாவது நேர்முகத் தேர்வு. முந்திய மூன்றையும் கொழும்புக் கம்பனிகள் கணினித் திரைக்குள் இருந்தபடியே நடத்தி, "பிறகு அறிவிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போயிருந்தன. இந்தக் கம்பனி மட்டும் நேரில் வரச் சொன்னது. கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறித் துறைமுகப் பக்கம் வந்து இறங்கினாள். மீன்வலையும் கயிறும் விற்கும் கடையொன்றின் மேல்மாடியில்தான் கம்பனி இருந்தது. படியேறும்போதே புது நைலோன் கயிற்றின் வாசம் தலையைச் சுற்றியது.

கெஸ்ட்ஹவுஸ் அறைகளை ஃபோனில் புக் பண்ணுவதற்கு ஒரு செயலி. அதுதான் அவர்களுடைய ஒரே தொழில். அதற்குக் கோட், அதாவது கணினி நிரல், எழுதத்தான் ஆள் தேடினார்கள். முதலாளிகள் இரண்டு பேர், இராகுலனும் றிஸ்கானும். ஒரே டியூட்டரி வகுப்பில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர்கள். இப்போதும் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்தார்கள்.

றிஸ்கான்தான் கேள்வியைத் தொடங்கினான்.

"தங்கச்சி, ஒரு கெஸ்ட்ஹவுஸில ஒரு அறைதான் மிச்சம். ரெண்டு பேர் ஒரே நேரத்தில புக் பண்ணுறாங்க. நீங்க எழுதுற கோட் என்ன செய்யும்?"

பரீனாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தெரிந்த கேள்வி.

"முதல் ஆள் அறையைத் தெரிவுசெய்த உடனே அதுக்கு ஒரு பூட்டுப் போடுவன் சேர். அவர் காசு கட்டி முடியுமட்டும் மற்றவருக்கு அந்த அறை திறபடாது."

"சரி," என்றான் றிஸ்கான்.

"பிழை," என்றான் இராகுலன்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. பரீனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன பிழை?" என்று றிஸ்கான் கதிரையைத் திருப்பினான். "பிள்ளை சரியாத்தானே சொல்லுது."

"பூட்டிப்போட்டு அந்தாள் சாப்பிடப் போனா? அறை சும்மா கிடக்கும். ரெண்டு பேரையும் உள்ளுக்கு விடு. கடைசியில பார், ஆர் முதல் காசு கட்டினதெண்டு. அவருக்குக் குடு."

"காசு கட்ட வந்தவனைக் கடைசியில போ எண்டு சொல்லுவியா? அவன் எங்களை ஏசமாட்டானா?"

"நீ எப்பவும் ஏச்சுக்குத்தான் பயம்!"

"நீ எதுக்குப் பயம்? உன்னை நம்பித்தானே போன கிழமை நான் ஃபேனை நிப்பாட்டாமப் போனனான். ரெண்டு நாள் சுத்தியிருக்கு!"

கதை ஃபேனிலிருந்து கரண்ட் பில்லுக்குப் போனது. அங்கிருந்து டியூட்டரிக் காலத்தில் தொலைந்த ஒரு கல்குலேட்டருக்குப் போனது. நேர்முகத் தேர்வுக்கு ஒருத்தி வந்திருப்பது இருவருக்குமே மறந்துபோயிற்று. குறுக்கே பேசுவதா, எழுந்து போவதா, அழுவதா என்று தெரியாமல் பரீனா கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அந்த நேரம் மேசையில் இருந்த கம்பனி ஃபோன் அடித்தது. அவர்கள் எடுக்கவில்லை. அடித்து நின்று, திரும்பவும் அடித்தது. மேலும் தாங்க ஏலாமல் அவளே எடுத்தாள்.

"தம்பி! உப்புவெளிக் கெஸ்ட்ஹவுஸில இருந்து தனஞ்சயன். ஏழாம் அறைக்கு ரெண்டு பகுதி ஆக்கள் வந்து நிக்குது! ரெண்டும் உங்கட ரசீதைக் காட்டுது!"

"நான் தம்பி இல்ல அண்ணா. இன்டர்வியூவுக்கு வந்தனான்."

"ஆரெண்டாலும் பரவாயில்லை பிள்ளை, ஒரு வழி சொல்லுங்கோ. ஒரு பக்கம் புதுசாக் கலியாணம் கட்டின சோடி. மற்றப் பக்கம் கந்தளாயில இருந்து பதினொரு பேர், சட்டி பானையோட."

"ஒரு அறைக்குப் பதினொரு பேரா?"

"அது வேற பிரச்சினை பிள்ளை."

பரீனா யோசித்தாள். கோட் எழுதி இவர்களை இப்போது பிரிக்க ஏலாது.

"பெரிய இடம் ஏதும் சும்மா கிடக்கா அண்ணா?"

"கடற்கரைப் பக்கம் சாப்பாட்டு மண்டபம் கிடக்கு. மேசையளைத் தூக்கினா..."

"அதை அந்தப் பதினொரு பேருக்கும் குடுங்க. பாய் போட்டுப் படுக்கட்டும், சமைக்கக் குசினியையும் பாவிக்கட்டும். சோடிக்கு அறையைக் குடுங்க. முதல்ல எல்லாருக்கும் தேத்தண்ணி குடுங்க."

தனஞ்சயன் ஃபோனைக் கையில் பிடித்தபடியே போய் அவர்களிடம் சொன்னார். பிறகு பதினொரு பேரின் ஆரவாரம் ஃபோனைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஏழாம் அறையை எட்டிப் பார்த்ததிலிருந்தே, இதற்குள் எப்படிப் படுப்பது என்று அவர்கள் கலங்கிப்போய்த்தான் நின்றார்களாம்.

அவள் ஃபோனை வைத்தபோது சண்டை நின்றிருந்தது. முதலாளிகள் இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"எங்கட செயலியிலயா?" என்றான் இராகுலன்.

"நீ கடைசியில பாக்கிற மாதிரித்தானே எழுதினனீ?" என்று றிஸ்கான் மெதுவாகக் கேட்டான்.

"இல்லை. நீ முதல்லயே பூட்டுப் போட்டிருப்பாய் எண்டு அதை எடுத்திட்டன். உன்னோட ஏன் சண்டை எண்டு."

றிஸ்கானின் முகம் வெளிறியது. "நானும் நீ கடைசியில பாப்பாய் எண்டு பூட்டை எடுத்திட்டன்டா. உனக்கு மனசு நோகக்கூடாதெண்டு."

பரீனாவுக்குச் சிரிப்பு முட்டியது. கன்னத்தைக் கடித்து அடக்கிக்கொண்டு, "லப்டொப்பைத் தாங்க சேர்," என்றாள்.

அறையைத் தெரிவுசெய்ததும் பூட்டு விழும். காசு கட்டாமல் ஆள் சும்மா இருந்தால் கொஞ்ச நேரத்தில் தானாகத் திறபடும். அப்படி எழுதி, இரண்டு ஃபோனில் ஒரே அறையைப் புக் பண்ணிப் பார்க்கச் சொன்னாள். ஒரு ஃபோனுக்குத்தான் அறை கிடைத்தது.

"பாத்தியா, பூட்டு!" என்றான் றிஸ்கான். "நான் சொன்னதுதான்."

"தானாத் திறபடுது பார். நான் சொன்னது," என்றான் இராகுலன்.

"ஓம் சேர்," என்று பரீனா இருவருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

திங்கட்கிழமையே வேலைக்கு வரலாமா என்று கேட்டார்கள். அவளுக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. ஆனாலும் வாய் வேறொன்றைக் கேட்டது.

"எனக்கு வேலை சொல்லப்போறது ஆர் சேர்?"

"நான்," என்றார்கள் இருவரும்.

"அப்ப ஒரு சின்ன விஷயம். என்ன செய்யிறதெண்டு முதல்ல நீங்க ரெண்டு பேரும் சண்டைபிடிச்சு முடியுங்க. முடிஞ்ச பிறகு எனக்குச் சொல்லுங்க. மனசு நோகும் எண்டு பேசாம மட்டும் இருந்திராதீங்க."

சொன்ன பிறகுதான் தன் வாய் கூடிப்போயிற்றோ என்று பயந்தாள். முதலாளிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலத் தலையாட்டினார்கள்.

பஸ்ஸுக்குள் உம்மாவின் அழைப்பு வந்தது.

"என்ன மகள், கஷ்டமாக் கேட்டாங்களா?"

"ஒரு கேள்விதான் உம்மா கேட்டாங்க. மிச்சம் முழுக்க அவங்களே கதைச்சாங்க."

"அப்ப வேலை?"

"கிடைச்சிட்டு உம்மா," என்று பரீனா சொன்ன சத்தத்தில் முன் சீற்றில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.