விமானத்தின் வயிற்றுப் பக்கம்

1

இந்தக் கதை போன செவ்வாய்க்கிழமை பிற்பகல், என் மனைவி ஒரு பிளாஸ்டிக் விமானத்தைப் புரட்டிப் பார்த்ததில் பிறந்தது. அதற்கு முன் இப்படி ஒரு கதை என்னிடம் இல்லை. அவளிடம் இருந்திருக்கிறது. முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவருக்குப் போர் விமான மாடல்கள் செய்வதில் –'

அடித்துவிட்டேன். பல் மருத்துவர் யாருமில்லை, அது நான்தான். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். மிச்ச நேரத்தில் சண்டைக்காலக் குண்டுவீச்சு விமானங்களை முழங்கை நீளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருந்ததால் ஒரு மருத்துவரைப் பிடித்துவந்தேன்.

2

ஒட்டி வண்ணம் அடித்தால் பாதி வேலைதான் முடிந்தது. மீதி, புதிதாக இருப்பதைப் பழசாக்குவது. வெதரிங் என்போம். புகைபோக்கிக்குப் பின்னால் கரி. விமானி மிதித்து ஏறும் இடத்தில் பெயின்ட் உரிந்த தகரம் (கிழித்த பஞ்சில் வெள்ளிப் பூச்சைத் தொட்டு ஒற்றினால் வரும்). தின்னரில் கரைத்த கறுப்பில் எண்ணெய்க் கசிவு. ஒவ்வொரு கறைக்கும் எனக்கு ஒரு புகைப்படம் ஆதாரமாக வேண்டும். ஆதாரமில்லாமல் ஒரு சொட்டுகூட வைத்ததில்லை.

அடிப்பக்கத்துக்கு மட்டும் சாம்பல் நிறம் அடித்து விட்டுவிடுவோம். அலமாரியில் வைத்தால் அது யார் கண்ணிலும் படாது.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும்தான் எல்லாப் புத்தகங்களிலும் படம் போட்டிருக்கிறார்கள். கீழிருந்து பார்த்தவர்கள் கையில் கேமரா இருந்திருக்காது. இது ஐந்து நாளைக்கு முன் எனக்குத் தோன்றவில்லை.]

3

மடித்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவள் என் மேசையருகே நின்றாள். விமானத்தை எடுத்தாள். என் மேசையில் எதையும் அவள் தொட்டதே இல்லை.

"ஏங்க, வயிறு இவ்ளோ சுத்தமா இருக்கே?"

"அதை யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்த்தது அது ஒண்ணைத்தான்."

சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவள் சாம்பல் பூச்சின்மேல் நகத்தால் கோடு கிழித்தாள். "நடுவுல ஒரு எண்ணெய்க் கறை. இங்க வந்து ரெண்டாப் பிரியும். ஒண்ணு நேராப் போகும். இன்னொண்ணு இப்படி வளைஞ்சு, கொக்கி மாதிரி. எங்க ஊர்மேல இது வந்தன்னிக்குத் தெருவுல நின்னு அண்ணாந்து அதையே பார்த்தேன். பார்த்துட்டே கையை விட்டுட்டேன்."

"யார் கையை?"

"பாப்பா கையை."

அவள் தங்கை மூன்று வயதில் குண்டுவீச்சில் இறந்தது எனக்குத் தெரியும். பாப்பா கதவைத் திறந்துகொண்டு தானாக ஓடியது, இவள் உள்ளே இருந்தாள் என்பதுதான் வீட்டில் சொல்லும் கதை. என் மாமியார் கடைசிவரை அதையே சொன்னார்: 'நீ கட்டிலுக்கடியில இருந்தேடி. எதையும் பார்க்கலை.'

"அம்மா சொன்னது நிஜமா, என் கண்ணு பார்த்தது நிஜமா? கேட்க இப்ப யாரும் இல்லை. உங்ககிட்டதான் படமெல்லாம் இருக்கே."

"ஆறு வயசுப் பிள்ளை. உன்மேல என்ன தப்பு?"

"தப்பான்னு நான் கேட்கலை. நடந்துச்சான்னு கேட்கறேன்."

[முதல் பிரதியில் இந்த இடத்தில் அவளை அழவைத்திருந்தேன். அவள் அழவில்லை. தோளிலிருந்த என் சட்டையை எடுத்து, உதறி, மறுபடி மடித்தாள். அழாதவளை எப்படி எழுதுவதென்று –]

4

எங்கள் மாடல் கூட்டாளி ஒருவர். விரலில் எப்போதும் பசை ஒட்டியிருப்பதால் பெயரே பசை. அவரிடமில்லாத படமில்லை. ஃபோன் செய்தேன்.

"அண்ணே, வயித்தையா கேக்கறீங்க? உங்களுக்கு என்ன ஸ்கேன் எடுக்கற உத்தியோகமா?"

"அவசரம்ப்பா."

"அலமாரியில நிக்கப் போறதுக்கு என்னண்ணே அவசரம்?"

"வீட்டுல கேக்கறாப்பா. அவ கீழேருந்து பார்த்தவ." அவர் சிரிப்பு நின்றுபோனது. "தேடறேண்ணே" என்றார்.

5

இன்று காலை படம் வந்தது. பழுதுபார்க்கத் தூக்கி நிறுத்திய விமானம், அடியில் படுத்து எவனோ எடுத்திருக்கிறான். கூடவே பசையின் குறிப்பு: 'இந்த ரகத்துல எல்லாத்துக்குமே இப்படித்தானாம். எண்ணெய்க் குழாய் கோணலாம்.'

கறை இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒன்று நேராக. ஒன்று –

என் விமானத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவள் நகம் கிழித்த கோடும் அதுவும் ஒரே இடத்தில் பிரிந்தன. ஒரே இடத்தில் வளைந்தன. நிமிர்ந்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது.

6

ஃபோன் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"படத்தைக் காட்டாதீங்க. நிஜத்தை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது. வாயாலயும் சொல்லாதீங்க. உங்க வாய் எனக்காகப் பொய் சொல்லும். பூசிக் காட்டுங்க. அதுல உங்களுக்குப் பொய் வராது."

அப்படித்தான் என்னை நம்பியிருக்கிறாள்.

முதல் முடிவு: நேராக ஒரே கோடு இழுக்கிறேன். 'அப்போ அம்மா சொன்னதுதான்' என்று எழுந்து போகிறாள். இனி தெருவில் நிற்க வேண்டாம், எந்தக் கையையும் விட வேண்டாம். ஆனால் அறுபது வருடமாக அவளை விட்டுப் போகாத ஒன்றை நான் ஒரே இழுப்பில் பொய்யாக்கிவிடுகிறேன்.

இரண்டாம் முடிவு: கொக்கியைப் பூசுகிறேன். அவள் கண் பொய் சொல்லவில்லை. பாப்பாவை விட்ட கையும்தான்.

மூன்றாம் முடிவு: விமானம் கைதவறி விழுந்து உடைகிறது. (எழுதிப் படித்துப் பார்த்தேன். கேவலமாக இருந்தது.)

ஆகவே பிரஷ்ஷைக் கறுப்பில் நனைத்துவிட்டு, இடது கையில் விமானத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"என்னங்க எழுதிட்டே இருக்கீங்க? பெயின்ட் காயுது."

"ஒரு நிமிஷம்."

"எத்தனை நிமிஷம்?"

பிரஷ் மேசை ஓரத்தில்தான் இருக்கிறது, நுனி இன்னும் ஈரம். நீங்கள் எடுங்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை, உங்கள் கையைத்தான் பார்க்கிறாள்.