அத்தையின் சோபா நுழையும் வீடு

எங்கள் கடைத்தெருவை இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகள் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். அத்தை எங்கே படுப்பாள்?

அத்தை அப்பாவின் அக்கா. அப்பா சோபா செய்கிறவர். கீழே கடை, மேலே வீடு. அத்தை எங்களோடு தங்க வந்தபோது கட்டில் போட இடம் இல்லாததால் அப்பா ஒரு சோபா செய்து கொடுத்தார். பகலில் எல்லோரும் உட்காரலாம், ராத்திரியில் அத்தை மட்டும் படுக்கலாம். அத்தை நீளத்திலும் அகலத்திலும் தாராளம் என்பதால் சோபாவும் தாராளம். கழற்றி மாட்ட முடியாத ஒரே சட்டம். அப்பாவுக்கு அதில் பெருமை வேறு.

புது வீட்டில் சோபா நுழையாவிட்டால் அத்தை வெளியூரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கே பொழுது சாய்ந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள். பேச்சுச் சத்தமே ஆகாது.

"பேசாம இருக்கறதுக்கு நான் என்ன போட்டோவா, செவத்துல மாட்டி வைக்க?" என்றாள் அத்தை.

"போட்டோவா இருந்தா துடைக்கற வேலை மட்டும்தான்" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

அவர்கள் இருவருக்கும் காலையில் குழாயில் ஆரம்பிக்கும் சண்டை ராத்திரி போர்வையில்தான் முடியும்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கிடந்த காலி இடத்தில் கம்பெனிக்காரர்கள் ஒரு மாதிரி வீடு போட்டார்கள். சுவரெல்லாம் பலகைதான், ஆனால் அறைகளின் அளவு நிஜ வீட்டின் அளவு. திறப்பு விழாவன்று தெருக்காரர்கள் வந்து பார்த்துச் சம்மதம் சொன்னால், எங்கள் தெரு இருக்கும் இடத்திலேயே மலிவு விலையில் வீடு. பிடிக்கவில்லையென்றால் ஊருக்கு வெளியே எங்கேயோ.

மாதிரி வீட்டுக்குச் சாமான் செய்ய அப்பாவைத்தான் பிடித்தார்கள். டை கட்டிய ஓர் ஆள் கடைக்கு வந்தார். நான் பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து உறையில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு இடத்தில் இருப்பது பொதுவாக யாருக்கும் தெரியாது.

"சோபா, நாற்காலி, கட்டில் எல்லாம் முக்கால் அளவுல வேணும்" என்றார் டைக்காரர்.

"சின்னப் பசங்களுக்கா சார்?"

"பெரியவங்களுக்குத்தான். ரூம் பெருசா தெரியணும்ல? கீழ்த்தளத்துல உங்களுக்கு நல்ல கடையா பாத்துத் தர்றோம். வாய மட்டும் தொறக்காதீங்க."

அப்பா வாயைத் திறக்கவில்லை. சாப்பிடக்கூட ஒழுங்காகத் திறக்கவில்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது, அதனால் பேசுவதையே நிறுத்திவிட்டார். செய்து முடித்த சோபாவில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் இரண்டும் காதுப் பக்கம் வந்தன.

திறப்பு விழாவுக்குத் தெருவே திரண்டு போனது. கதவைத் திறந்ததும் எல்லோரும் ஒரே குரலில் "அடேயப்பா!" என்றார்கள்.

"இந்த ஹால்ல பந்தே வெளையாடலாம் போலிருக்கே" என்றார் பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர்.

"அண்ணி, உங்க சோபா ரெண்டு போடலாம் இங்க" என்றாள் அம்மா.

"நான் ஒருத்திதானே? ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு உங்க வாய்க்கு."

நகரமன்றத் தலைவர் வந்தார். அவரும் அத்தையைப் போலத் தாராளம். போட்டோவுக்காகச் சோபாவில் உட்கார்ந்தவர் திடுக்கிட்டுப்போய்த் தன் தொப்பையைப் பார்த்தார். "போன வாரத்துக்கு இப்ப குண்டாயிட்டேனா?" என்று டைக்காரரிடம் மெல்லக் கேட்டார். டைக்காரர் கூரையைப் பார்த்தார்.

அதற்குள் அத்தை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்தாள். நாற்காலியும் கூடவே எழுந்தது. அது தெரியாமல் அத்தை சமையலறை வரை நடந்து, அங்கே திரும்ப முடியாமல் நின்றாள். அப்பா ஓடிப்போய் இழுத்தார். நாற்காலி கழன்று வந்ததும் அத்தை அதைக் கவிழ்த்து அடித்தையலைப் பார்த்தாள்.

"தம்பி, இது உன் கைதானே? எந்தப் பொம்மைக்குடா செஞ்ச?"

அப்பா டைக்காரரைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "முக்கால், அக்கா" என்றார்.

"எது முக்கால்?"

"எல்லாமே."

பூட்டுக்கடைக்காரர் ஓடிப்போய்க் கட்டிலில் நீட்டிப் படுத்தார். கால் இரண்டும் காற்றில் நின்றன. "கட்டிலுமா?"

"கட்டிலும்தான்."

"அப்ப நான் குண்டாகல!" என்று தலைவர் சத்தமாகச் சொன்னார். அந்த நிமிடம் சந்தோஷமாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

"இது சும்மா ஒரு அழகுக்கு" என்று டைக்காரர் சமாளித்தார். "உங்க சாமானெல்லாம் தாராளமா நுழையும்."

"நுழையுமா?" என்றாள் அம்மா. "அப்ப நுழைச்சுக் காட்டுங்க. எங்க அண்ணி சோபா இங்க நுழைஞ்சாத்தான் எங்க வீட்டுச் சம்மதம்."

"எங்க வீட்டுக்கும் அதான்!" என்று பின்னாலிருந்து பல குரல்கள் கேட்டன. அத்தை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் மாடிச் சன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து, கயிறு கட்டிச் சோபாவை இறக்கினார்கள். ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்கும்போது பேருந்துகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. அத்தை போலீஸ்காரர் மாதிரி முன்னால் கையை நீட்டிக்கொண்டு நடந்தாள். "இடது கையப் பாத்துப்பா! ஏற்கெனவே ஆடுது!" என்று கத்தினாள். சோபாவின் கையைத்தான் சொன்னாள்.

மாதிரி வீட்டு வாசலில் நேராக வைத்தார்கள், படுக்க வைத்தார்கள், கடைசியில் ஒருக்களித்து நிமிர்த்தி ஒரு தள்ளு தள்ளினார்கள். பாதி நுழைந்தது. முன்பக்கம் சமையலறைச் சுவரில் முட்டியது, பின்பக்கம் வாசலை அடைத்துக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மேலே ஒரு கை நுழையும் சந்துதான் மிச்சம்.

உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் தலைவர், டைக்காரர், அப்பா, அம்மா, அத்தை, நான்.

"சன்னலைத் தொறங்க" என்றார் தலைவர்.

"அது வரைஞ்சது சார்."

தலைவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். "பாத்ரூமாவது..."

"அதுவும் மாதிரிதான் சார்."

"அதுவும் முக்காலா?"

"இல்ல சார், முழுசு. ஆனா அடியில ஒண்ணும் கெடையாது."

தலைவரின் முகம் வியர்த்தது. "சோபாவ அறுங்கய்யா!" என்று அலறினார். பூட்டுக்கடைக்காரர் எங்கள் கடைக்கு ஓடி ரம்பத்தை எடுத்து வந்து மேல் சந்து வழியாக நீட்டினார். அப்பா வாங்கிக்கொண்டார்.

"அறு தம்பி" என்றாள் அத்தை. "தலைவர் பாவம், எவ்வளவு நேரம் தாங்குவாரு? நான் சின்னவன் வீட்டுக்கே போயிடறேன்." சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, அதுல ரம்பம் பட்டுச்சுன்னா அண்ணி கூட நானும் கெளம்பிடுவேன்" என்றாள் அம்மா.

"நீ எதுக்குடி வர்ற?"

"நீங்க இல்லாம நான் யாரோட சண்டை போடறது? இவரோடவா? இவரு முதல் வார்த்தையிலயே தோத்துடுவாரு."

அப்பா ரம்பத்தைச் சோபாவின் காலில் வைத்தார். வைத்தபடியே நின்றார். கீழ்த்தளக் கடையை நினைத்தாரோ என்னவோ, டைக்காரரை ஒரு தடவை பார்த்தார். பிறகு இரண்டு எட்டு நகர்ந்து ரம்பத்தைச் சமையலறைச் சுவரில் வைத்து இழுக்கத் தொடங்கினார்.

"யோவ், அது செவரு!"

"தெரியுது சார். பலகைதானே" என்றார் அப்பா.

சுவர் மடேரென்று சமையலறைப் பக்கம் விழுந்தது. முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லாததால் சோபா தானாகவே வழுக்கிக்கொண்டு உள்ளே வந்து, சொல்லி வைத்த மாதிரி நடு வீட்டில் நின்றது. வாசல் திறந்த அந்த நொடியில் தலைவர் பேருந்து நிலையத்தைப் பார்த்து ஓடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அப்படி ஓட முடியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது அவர் முகம் சாந்தமாக இருந்தது. சோபாவில் உட்கார்ந்தார். முழங்கால் அதன் இடத்திலேயே இருந்தது. சுற்றிப் பார்த்தார். ஹாலும் சமையலறையும் ஒன்றாகி, வீடு நிஜமாகவே பெரிதாகத் தெரிந்தது.

"இதைத்தானே நான் மொதல்லேருந்து சொல்லிட்டிருக்கேன்" என்றார் போட்டோக்காரர்களிடம். "இந்தச் செவரு எந்த வீட்லயும் வேண்டாம்."

ஒரு சுவர் கட்டும் செலவு மிச்சம் என்று புரிந்ததும் டைக்காரரின் முகமும் தெளிந்தது. தெருவே சம்மதம் சொன்னது. இவ்வளவு நல்ல சோபா செய்கிறவருக்குக் கீழே ஒரு கடை கொடுங்கள் என்று தலைவரே சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறோம். அத்தை சோபாவில் நீட்டிப் படுத்தால் தலை ஹாலில் இருக்கிறது, கால் சமையலறையில் இருக்கிறது.

"உப்பு போட்டியா?"

"போட்டாச்சு அண்ணி."

"ரெண்டு தடவை போட்ட. பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"உங்க காலை மடக்குங்க மொதல்ல. அடுப்புல விழப் போகுது."

"அடுப்பைத் தள்ளி வையேன்."

கம்பெனிக்காரர்கள் வேண்டாமென்று விட்டுப்போன முக்கால் நாற்காலிதான் இப்போது அப்பாவுக்கு. வேலை முடிந்து மேலே வந்தவர், முழங்கால் காதில் இடிக்க அதில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்.

"பாப்பா, இந்த எடத்துல ஒரு செவரு வெச்சா எப்படியிருக்கும்?"

நான் தலையணை உறைக்குள் கைவிட்டுக் கொஞ்சம் பஞ்சு எடுத்துக் கொடுத்தேன். அப்பா அதை இரண்டாகப் பிய்த்துக் காதுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டார்.