சிரிப்பது அவர்கள் வேலை

சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவளுக்குக் காபி என்றால் உயிர். ஆனால் நாற்பத்திரண்டு வயது வரை அங்கே கேன்டீனில் டீதான் வாங்கிக் குடித்தாள். பாவி மகளுக்கு 'கா' தொண்டையிலேயே மாட்டிக்கொள்ளும். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். திக்குவாய் இருக்கிறவர்கள் பலரும் இப்படித்தான், வராத சொல்லை விட்டு வருகிற சொல்லைப் பிடித்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுவார்கள்.

இந்தத் தடவை ஓட்ட முடியவில்லை. துணி திருடு போகிறதென்று தையல் கூடத்தின் பின்கதவுக்கு சூப்பர்வைசர் பூட்டுப் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. தீப்பிடித்தால் பின்வரிசைக்கு அதுதான் வழி. அந்த வரிசையில், கதவை ஒட்டிய மிஷினில் அவள் தங்கை இருக்கிறாள். புகார்ப் பெட்டியில் இரண்டு சீட்டு எழுதிப் போட்டுப் பார்த்தாள். பெட்டியைத் திறப்பவரே சூப்பர்வைசர், அப்புறம் எங்கே உருப்பட!

அடுத்த மாதம் தொழிற்சாலையைச் சோதிக்க அரசாங்கப் பாதுகாப்பு அதிகாரி வருகிறார் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த வாரம்தான் நூலகத்தில் பழைய கிரேக்கர்களின் ஸ்டோயிக் தத்துவம் பற்றிய தடிப் புத்தகம் ஒன்று அவள் கண்ணில் பட்டது. நம் கையில் இருப்பது வேறு, இல்லாதது வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்பது அதன் சாரம். படித்துவிட்டுப் புருஷனிடம் சொன்னாள்: திக்குவது தன் கையில் இல்லை, சிரிப்பது அவர்கள் வேலை, சொல்லி முடிப்பது மட்டும் தன்னுடையது. பஸ் ஓட்டுகிற அந்த மனுஷர், இதற்கு ஐந்நூறு பக்கமா என்று கேட்டுவிட்டுக் குறட்டை விடப் போய்விட்டார்.

மறுநாளே கேன்டீனில் காபி கேட்டாள். சொல்லி முடிக்க அரை நிமிஷம் ஆனது. காது சுட்டது, அழுகை முட்டியது. ஆனாலும் வாங்காமல் நகரவில்லை. தினமும் கேட்டாள். திக்கல் இம்மியும் குறையவில்லை, பயம் குறைந்தது. மூன்றாவது வாரம் சிரித்தவர்களுக்கே அலுத்துவிட்டது.

அதிகாரி வந்தார். கூடத்தின் நடுவில் நின்று, ஏதாவது குறை உண்டா என்றார். எண்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள்.

"சார், பின் க... க... க..."

"உக்காரும்மா. நீ முடிக்கிறதுக்குள்ள சார் ரிட்டயர் ஆயிடுவாரு" என்றார் சூப்பர்வைசர்.

கூடமே குலுங்கியது. அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். அவள் உட்காரவில்லை.

"சி... சிரிச்சு முடிங்க சார். நான் நிக்கிறேன்."

சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். மிஷின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள்.

"பின் க... க... கதவு மூணு மாசமா பூ... பூட்டிக் கெடக்கு. தீப்பிடிச்சா பின்வரிசை வெளிய வர வழியே இல்ல."

அதிகாரியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பூட்டைத் திறக்கவைத்து, பின்வரிசையை அந்த வழியாகவே வெளியே போகச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார். தங்கை வெளியே வர நாலே விநாடிதான் ஆனது.

வெயிலில் நின்றபடி தங்கை அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள், பேசிட்டியே அக்கா என்று.

"பே... பேசி மு... முடிச்சிட்டேன்டி" என்றாள் அவள்.