செல்வாம்பாள் கட்டிய மாலை

பெரிய மார்க்கெட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா, வேண்டாமா என்று வியாபாரிகளிடமே ஓட்டுக் கேட்டார்கள். பூ வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரிகளான செல்வாம்பாளும் ஞானமேரியும் ஆளுக்கொரு பக்கம். இருபத்திரண்டு வருடப் பழக்கம். ஒருத்தி சாப்பிடப் போனால் மற்றவள் இரண்டு கடையையும் பார்த்துக்கொள்வாள்.

"மழை பேஞ்சா சாக்கடத் தண்ணியில உக்காந்து மல்லி தொடுக்கறோம். அவசரத்துக்கு ஒதுங்க எடமில்ல. கட்டட்டுமே" என்பாள் ஞானமேரி.

"கட்டி முடிக்கிற வரைக்கும் ஊருக்கு வெளிய தள்ளுவாங்க. நம்மளத் தேடி அங்க யாருக்கா வருவா?" என்பாள் செல்வாம்பாள்.

பேச்சு முற்றினால் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். டீ வந்ததும் சரியாகிவிடும். ஆனாலும் வரிசையில் பாதிப்பேர் ஞானமேரி பேச்சைக் கேட்டுக் 'கட்டலாம்' பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

ஓட்டுக்கு ஐந்து நாள் இருக்கும்போது உள்ளூர் கேபிள் சேனல் ஒரு பட்டியலை வெளியிட்டது. கட்டப்போகும் மார்க்கெட்டின் முகப்புக் கடைகள் பதினொன்றும் எம்.எல்.ஏ.வின் மச்சான், மச்சினி பெயரில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. செய்தி உண்மைதான். ஆனால் காட்ட வேறு படம் இல்லாததால், திட்டத்தை அறிவித்த கூட்டத்தில் ஞானமேரி எம்.எல்.ஏ.வுக்கு மாலை போட்ட காட்சியையே நாள் முழுக்க ஓட்டினார்கள். அவள் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, 'மாலை போட்ட பெண் யார்?'

மறுநாள் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிர்வரிசைக் கலியபெருமாள் மட்டும், "உனக்கு எத்தினியாவது நம்பர் கடை?" என்று கேட்டார். அவள் ரோஜாவுக்குத் தண்ணீர் தெளித்தாள். தெளித்த பூவுக்கே திரும்பத் திரும்பத் தெளிப்பதைச் செல்வாம்பாள் பார்த்தாள்.

தன் பக்கம் ஜெயிக்கப்போகிறது என்று செல்வாம்பாளுக்குத் தெரியும். சும்மா இருந்தால் போதும். இருக்க முடியவில்லை. தொடுத்த பூவைப் பாதியில் வைத்துவிட்டு, மார்க்கெட் வாசலில் மைக்கோடு நின்ற சேனல் நிருபர் பெண்ணிடம் போனாள்.

"அந்த மாலையக் கட்டுனவ நான். எங்க வரிசை சார்பா மேடை ஏற எனக்கு வெக்கமா இருந்துது, அக்காவத் தள்ளிவுட்டேன். நான் இடிக்க வேணாம்ங்கற ஆளு. ஆனா அது கேட்டது கக்கூஸு, கடை இல்ல. இதையும் போடும்மா."

சாயங்காலம் போட்டார்கள், 'அந்த மாலையக் கட்டுனவ நான்' என்பதை மட்டும். இப்போது வட்டம் செல்வாம்பாள் தலையைச் சுற்றி.

ஞானமேரி போனில் கூப்பிட்டாள். முதலில் சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "உன்ன யாருடி போவச் சொன்னது?" என்றாள்.

"நீ தனியா மாட்டிக்கினு இருந்தியே."

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு நடந்தது. 'வேண்டாம்' நானூற்றுப் பன்னிரண்டு, 'கட்டலாம்' அறுபத்து மூன்று. எண்ணி முடித்ததும் எம்.எல்.ஏ.வுக்கு எதிராகக் கோஷம் போட்டார்கள். மார்க்கெட்டைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. செல்வாம்பாளுக்கு ஜெயித்த மாதிரியே இல்லை.

"நம்ம ரெண்டு பேரும் அவ்ளோ பேசனோமே, அதுக்கு ஒரு ஓட்டும் விழல போலருக்கேக்கா. எல்லாம் டிவிக்கு விழுந்துது."

"விழட்டும். மழைக்காலம் வருது, வா, ஆவற வேலையப் பாப்போம்."

திங்கட்கிழமை, இருக்கிற மார்க்கெட்டிலேயே கழிப்பறை வேண்டும், சாக்கடையைச் சீர்செய்ய வேண்டும் என்று எழுதி இருவரும் வரிசை வரிசையாகக் கையெழுத்து வாங்கினார்கள். கலியபெருமாள் தானாகவே வந்து கையெழுத்துப் போட்டார். போகாமல் நின்றார். பிறகு ஞானமேரியைப் பார்க்காமல், "நாலு மொழம் மல்லி குடு" என்றார்.

அவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர் என்பது மார்க்கெட்டுக்கே தெரியும். யாருக்கு என்று ஞானமேரி கேட்கவில்லை. ஐந்து முழமாக அளந்து இலையில் கட்டிக் கொடுத்தாள்.