பச்சை அட்டை

ஏட்டம்மாவுக்குப் பதினோரு ஊர். பதினோரு ஊருக்கும் சேர்த்து ஒரு பைக், ஒரு நோட்டு, துணைக்கு இரண்டு காவலர்கள். அந்த இருவரில் ஒருவர் எப்போதும் கோர்ட்டுக்குப் போயிருப்பார், இன்னொருவருக்கு எப்போதும் இடுப்பு வலி. ஆகவே ஒரு பைக், ஒரு நோட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டுக்குப் பெயர் பூட்டிய வீட்டு நோட்டு. வெளியூர் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஏட்டம்மா எழுதிக்கொண்டு, தினமும் சாயங்காலம் ஒரு நடை போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். பல வருஷமாக நடக்கிற வேலைதான். ஆனால் ஜனங்கள் நம்பினால்தானே.

"போலீஸாவது, வந்து பாக்கிறதாவது. திரும்பி வந்து கேட்டா பார்த்தோம்னு சொல்வீங்க. பூட்டு வந்து சாட்சி சொல்லவா போகுது?" என்று மருந்துக் கடைக்காரர் ஒருநாள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

ஏட்டம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ரோஷம் வந்தால் அவருக்கு யோசனையும் கூடவே வந்துவிடும். அடுத்த வாரமே உள்ளங்கை அளவுக்குப் பச்சை அட்டைகள் அச்சாகி வந்தன. 'இன்று இத்தனை மணிக்கு உங்கள் வீட்டைப் பார்த்தோம். பூட்டு சரியாக இருக்கிறது.' நேரத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, கேட் கம்பியில் செருகிவிட்டு வருவார். ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் வாசலில் ஐந்து அட்டை, ஆறு அட்டை பார்த்து உச்சி குளிர்ந்து போனார்கள். மருந்துக் கடைக்காரரே ஒன்றைக் கல்லாவுக்கு மேல் ஒட்டி வைத்தார். இன்ஸ்பெக்டர் அதைத் தன் யோசனை என்று மேலிடத்துக்கு எழுதிப் பாராட்டும் வாங்கிவிட்டார். போகட்டும், யார் வாங்கினால் என்ன, வேலை நடக்கிறதே என்று ஏட்டம்மா விட்டுவிட்டார்.

அப்புறம்தான் திருட்டு ஆரம்பித்தது.

முதலில் ஆட்டுப் பண்ணைக்காரர் வீடு. பிறகு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வீடு. மூன்றாவதாகக் கூரை ஓடு விற்கிற ஓட்டு வியாபாரி வீடு. அங்கே நகையோடு கொட்டகையில் நின்ற பிக்கப் வண்டியும் போய்விட்டது. வண்டிச் சாவியை அவர் வீட்டுக்குள் ஆணியில்தான் மாட்டி வைத்திருந்தார். ஐந்து வாரத்தில் மூன்று. அதற்கு முந்தைய நான்கு வருஷத்தில் இந்தப் பக்கம் நடந்தது ஒரே திருட்டு. அதுவும் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனது சொந்த மச்சான்தான். அதைத் திருட்டில் சேர்ப்பதா, பாகப்பிரிவினையில் சேர்ப்பதா என்று கடைசிவரை முடிவாகவில்லை.

மூன்று வீட்டிலும் பூட்டு உடையவில்லை. பின்கதவு நோகாமல் திறந்திருந்தது. ஏட்டம்மா மூன்று வீட்டுக்காரர்களையும் உட்காரவைத்து, தச்சர், எலக்ட்ரீஷியன், கேபிள்காரர் என்று வந்து போன ஆட்களையெல்லாம் எழுதினார். மூன்று பட்டியலிலும் ஒரே ஆள் இருந்தார். சந்தை முனையில் பெட்டிக்கடை அளவு இடத்தில் உட்கார்ந்து சாவி போட்டுத் தரும் சாவிக்காரர். மூன்று வீட்டுக்கும் மாற்றுச் சாவி அறுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

பதினோரு ஊருக்கும் சாவிக்காரர் அவர் ஒருவர்தான். யார் வீட்டில் திருடு போனாலும் அந்த வீட்டுச் சாவி அவர் அறுத்ததாகத்தான் இருக்கும். இது சின்னக் குழந்தைக்கும் தோன்றியிருக்கும். ஏட்டம்மாவுக்குத் தோன்றவில்லை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பொது மண்டபத்தில் கூட்டம் போட்டார். முந்நூறு பேர் வந்தார்கள், நாற்காலி போதாமல் ஜன்னலில்கூட ஆள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடுங்கள், வண்டிச் சாவியைக் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டாதீர்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக மைக்கில் சொன்னார்: "சாவிக்காரர்கிட்ட சாவி போட்டவங்க எல்லாரும் பூட்டை மாத்திடுங்க. இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும்."

அவ்வளவு போதாதா? வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. மறுநாளே சாவிக்காரர் கடைக் கதவில் யாரோ கரியால் 'திருடன்' என்று எழுதிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் அவரைத் தினமும் காலையில் வரச்சொல்லி, சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்தார். சாவிக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், போடுவார், மறுபடி துடைப்பார். மத்தியானம் அவர் மனைவி தூக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவருவார். பாத்திரத்தை வைத்துவிட்டு, ஏட்டம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

"திங்கக்கிழமை கேஸைப் போட்டு உள்ள அனுப்பிடலாம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "மேல இருந்து தினமும் கேக்கறாங்க." அன்றைக்குப் புதன்கிழமை.

அன்று சாயங்காலம் ஏட்டம்மா ஒரு பூட்டிய வீட்டு வாசலில் அட்டை செருகிக்கொண்டிருந்தபோது, முட்டை வேன்காரர் வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். கோழி வளர்க்கிற வீடுகளில் முட்டை வாங்கி டவுனுக்குக் கொண்டுபோகிறவர்.

"ஏட்டம்மா, உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்," என்றார்.

"எனக்கா? எதுக்கு?"

"இந்த அட்டைக்குத்தான். முன்னாடியெல்லாம் ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நிறுத்தி, ஹாரன் அடிச்சு, இறங்கிக் கேட்டைத் தட்டினா, ஆளே இருக்க மாட்டாங்க. இப்ப ரோட்டுல இருந்தே தெரிஞ்சுடுது. பச்சை தெரிஞ்சா ஆள் இல்லை. நாலு பச்சை தெரிஞ்சா நாலு நாளா ஆள் இல்லை. வண்டியை நிறுத்தவே வேண்டாம், நேரா போயிடுவேன். நல்ல யோசனைங்க."

ஏட்டம்மா திரும்பிக் கேட் கம்பியைப் பார்த்தார். செருகிய அட்டை கையோடு வெளியே வந்துவிட்டது.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்லணுமா என்ன? கண்ணிருக்கிறவனுக்குத் தெரியாதா?" என்று சிரித்துவிட்டு முட்டை வேன்காரர் போய்விட்டார்.

ஸ்டேஷனுக்கு வந்ததும் ஏட்டம்மா திருட்டு நடந்த இடங்களின் போட்டோக்களை எடுத்துப் பரப்பினார். ஏற்கெனவே இருபது தடவை பார்த்த படங்கள்தான். இருபது தடவையும் அவர் பூட்டைத்தான் பார்த்திருக்கிறார். இப்போது கேட்டைப் பார்த்தார். ஆட்டுப் பண்ணை வாசலில் ஐந்து பச்சை. தலைமை ஆசிரியர் வாசலில் நான்கு. ஓட்டு வியாபாரி வாசலில் ஏழு. எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து. மழை பெய்த வாரத்தில் அட்டை செருகாமல் விட்ட ஒன்பது வீட்டில் ஒரு துரும்புகூட அசையவில்லை. அதை நோட்டே சொன்னது.

எட்டடி தள்ளிப் பெஞ்சில் சாவிக்காரர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். ஏட்டம்மாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. தலை நிமிர்ந்து அவரைப் பார்க்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்தினார். "சரி, அட்டையை நிறுத்திடு. வெளியில மூச்சு விடாத. மேலிடத்துல பாராட்டு வாங்கின விஷயம்மா அது."

"சாவிக்காரர், ஐயா?"

"வீட்டைக் காட்டிக் குடுத்தது அட்டைன்னே வெச்சுக்குவோம். கதவை யார் திறந்தா? அட்டையா திறந்துச்சு?"

"ரெண்டு நாள் குடுங்க ஐயா, பதிலோட வர்றேன்," என்றார் ஏட்டம்மா.

மருந்துக் கடைக்காரர் வீடு மெயின் ரோட்டு மேலேயே இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் உடனே சம்மதித்தார். மறுநாள் காலையிலேயே மனைவியோடு பெட்டியும் கையுமாக, ஊரே பார்க்க பஸ் ஏறினார். ஏட்டம்மா அவர் வாசலில் நான்கு அட்டைகளை ஒரே நாளில் செருகினார். இடுப்பு வலிக்காரரைக் கூட்டிக்கொண்டு பின்பக்கமாக உள்ளே போய், சமையலறையில் தரையில் உட்கார்ந்துகொண்டார். வியாழக்கிழமை முழுக்க ஒரு ஈ காக்காய் வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டேகால் மணிக்கு, ஊர் வயலில் இருக்கிற நேரத்தில், இரண்டு பேர் வந்தார்கள். மீட்டர் கணக்கெடுக்க வருகிறவர்கள் மாதிரி தோளில் பை. பின்கதவு இடுக்கில் ஒரு மெல்லிய இரும்புப் பட்டையை நுழைத்து நெம்பினார்கள், தாழ்ப்பாள் சத்தமில்லாமல் எழுந்துகொண்டது. சாவியே வேண்டியிருக்கவில்லை. இடுப்பு வலிக்காரர் ஒரே தாவில் ஒருவனைப் பிடித்தார், அன்றைக்கு அந்த வலி எங்கே போயிருந்ததோ. இன்னொருவனை ஏட்டம்மா மடக்கினார்.

ஸ்டேஷனில் கேட்டபோது அதில் ஒருவன் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் சொன்னான்: "அட்டை இருந்தா ஆள் இல்லைன்னுதானே மேடம் அர்த்தம். நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தீங்க."

பிக்கப் வண்டி டவுனில் வேறு பெயிண்ட் அடித்துக்கொண்டு நின்றது. சாவிக்காரரை இன்ஸ்பெக்டர் அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார். "போயிட்டு வாங்க," என்றார். அதோடு சரி. ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருந்தவரிடம் சொல்வது போல.

ஞாயிற்றுக்கிழமை ஏட்டம்மா அதே மண்டபத்தில் கூட்டம் போட்டார். வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. முந்நூறு நாற்காலி போட்டிருந்தது. பத்தொன்பது பேர் வந்தார்கள். யார் திருடன் என்றால் ஓடிவருகிற ஊர், யார் திருடன் இல்லை என்பதைக் கேட்க எதற்கு வரும்? ஏட்டம்மா மைக் இல்லாமலே சொன்னார். அட்டை யோசனை தன்னுடையது, வீடு பூட்டிக்கிடப்பதைத் திருடனுக்குச் சொன்னது தான், சாவிக்காரர் மேல் பழி போட்டதும் தான். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். பத்தொன்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் கடைசி வரிசையில் இருந்த சாவிக்காரரிடம் போனார். "என்னை மன்னிச்சுடுங்க அண்ணே."

சாவிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க நல்லவங்கதான்மா. வேணும்னு செய்யலை. ஆனா நேத்தும் இன்னிக்கும் கடையைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தேன். ஒரு சாவிகூட வரலை. திருடன் கிடைச்சுட்டானாம், இருந்தாலும் நெருப்பில்லாம புகையுமான்னு எதிர்க் கடையில என் காதுபடவே பேசுறாங்க. நீங்க என் பேரைச் சொன்னப்ப முந்நூறு பேர் கேட்டாங்க. இப்ப இத்தனை பேர்தான் கேட்டிருக்காங்க." காலி நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனார்.

ஏட்டம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். "அதான் சொல்லியாச்சே, இன்னும் என்ன?" என்றார் கணவர். "அவர் கேக்கிறது நியாயம்ங்க," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு, பைக்கை ஸ்டேஷனில் விட்டுவிட்டு நடந்தார். அந்த ஊரில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு வீடு. சந்தை முனையில் ஆரம்பித்து, ஒரு வாசல் விடாமல் கேட்டைத் தட்டினார். வீட்டுக்காரர் வெளியே வரும்வரை நின்று, வந்ததும் ஒரே வார்த்தையைச் சொன்னார்.

"சாவிக்காரர் திருடலை. வீடு பூட்டியிருக்குன்னு திருடனுக்குச் சொன்னது என் அட்டைதான். தப்பு என்னுது."

சிலர் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். சிலர் சரி என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். ஆட்டுப் பண்ணைக்காரர் முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ என் பொண்டாட்டி நகைக்கு நீங்கதான் பொறுப்பு," என்றார். "எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன்," என்றார் ஏட்டம்மா. அவர் எழுதியே கொடுத்தார். ஏட்டம்மா மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

வெயில் ஏறியபோது நாற்பத்தாறாவது வீடு. தட்டக் கையைத் தூக்கிய பிறகுதான், அது சாவிக்காரர் வீடு என்று தெரிந்தது. தாண்டிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தட்டினார். சாவிக்காரர் மனைவி வந்தார். கேட்டைத் திறக்கவில்லை, கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

ஏட்டம்மா நாற்பத்தைந்து வீட்டில் சொன்னதையே சொன்னார். இந்த வாசலில் மட்டும் குரல் தணிந்தது.

அந்த அம்மாள் முழுசாகக் கேட்டார்.

"அது எங்களுக்குத் தெரியும்," என்றார். "அடுத்த வீட்டுல சத்தமாச் சொல்லுங்க."

ஏட்டம்மா தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சத்தமாகவே சொன்னார்.